மூன்றாவது நாற்காலியின் கருத்து

எங்கள் மாவட்டத்தில் விளிம்புநிலை மக்கள் என்றால் மொத்தம் எட்டு நாற்காலி. இது என் கணக்கல்ல, காட்மாண்டுவிலிருந்து வந்த சுற்றறிக்கையின் கணக்கு. புதிய அரசியல் சாசனத்தின் வரைவு அச்சாகி வந்துவிட்டது, அதைப் பற்றி மக்கள் கருத்தை இரண்டே நாளில் கேட்டு முடிக்க வேண்டும், இதுவரை யாரும் கேட்காதவர்களைக் கட்டாயம் கேட்க வேண்டும், கேட்டதற்குப் புகைப்படம் அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. யாரும் கேட்காதவர்கள் யார் யார் என்பதற்கும் பட்டியல் இணைத்திருந்தார்கள். டோம், சமார், முசஹர் ஆண், முசஹர் பெண், தத்மா, ஹல்கோர், முஸ்லிம் பெண், எந்தச் சாதியானாலும் சரி ஒரு மாற்றுத்திறனாளி. நாற்காலிகளின் முதுகில் இந்த வார்த்தைகளை அட்டையில் எழுதி ஒட்டும் வேலை எனக்கு வந்தது.

நான் சுகதேவ் ராம். மாவட்ட அலுவலகத்துக்கு எதிரே நீலத் தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து பதினெட்டு வருஷமாக மனு எழுதிக் கொடுக்கும் முன்ஷி. சாதியில் நானும் சமார்தான். இரண்டாவது நாற்காலியில் நான் உட்காரலாமா என்று கேட்டேன். எழுதத் தெரிந்தவன் எப்படி விளிம்பில் இருக்க முடியும் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அதனால் கருத்துப் படிவம் நிரப்பும் வேலையையும் என் தலையிலேயே கட்டினார்கள். படிவத்தில் கருத்துக்கு ஒதுக்கிய கட்டத்தில் பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் இடமில்லை.

மூன்றாவது நாற்காலிக்கு ஜகரு ரிஷிதேவைச் சொன்னவன் நான்தான். அதற்குக் காரணம் இருந்தது. ஜகரு என்னிடம் எட்டு மனு எழுதி வாங்கியிருந்தான், எட்டும் திரும்பி வந்திருந்தன.

விஷயம் இதுதான். ஒரு மாதத்துக்கு முன்னால் நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது. ஜகருவின் மகன் மங்கராவுக்கும் மறியலுக்கும் சம்பந்தமில்லை. பத்தொன்பது வயது. யாருக்கோ மீன்குளம் வெட்டிக் கொடுத்துவிட்டு, மண் தோண்டும் இரும்புக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தான். போலீஸ் சுட்டது. முதல் குண்டு தொடையில். விழுந்தவன் கையைத் தூக்கிக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இரண்டாவது குண்டு வாய்க்குள் போய்ப் பிடரி வழியாக வந்தது. கம்பி உருண்டு பள்ளத்தில் விழுந்தது. அதை அவன் அம்மா துலாரிதான் அடுத்த நாள் தேடி எடுத்தாள்.

பிணத்தைப் பற்றி எழுதிய காகிதத்தில், "அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் இருபது, இந்திய எல்லைக்கு அப்பாலிருந்து ஊடுருவியவராக இருக்கலாம்" என்று இருந்தது. எழுதும்போது பெற்ற தகப்பன் பக்கத்திலேயே நின்று பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் ரணபட், மங்கராவின் குடியுரிமைச் சான்றிதழைக் கேட்டார். இல்லை. தகப்பனுடையது? அதுவும் இல்லை. நிலப் பட்டா இருந்தால்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும், சான்றிதழ் இருந்தால்தான் பட்டா கிடைக்கும். வயலில் எலி பிடித்துத் தின்று பிழைக்கும் முசஹர் சேரியில் நூற்றுப்பத்து வீடு, இரண்டும் ஒருத்தருக்கும் கிடையாது.

"பொறந்ததுக்கே காகிதம் இல்லாதவன் செத்ததுக்கு நான் எப்படிய்யா காகிதம் தர்றது?" என்றார் ரணபட். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மனசார வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

ஜகருவுக்கு மகன் பேர் எழுதிய அந்தச் சாவுக் காகிதம் வேண்டியிருந்தது. அவர்கள் குலசாமி பூசையில் பூசாரி ஆவேசம் வந்து, செத்தவர்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். பேர் கூப்பிட்டால்தான் செத்தவன் வந்து படையலைத் தின்றுவிட்டுப் போவான். கூப்பிடாதவன் பசியோடு வெளியே நிற்பான். மங்கராவை ஊர்ப் பூசாரி கூப்பிட்டாகிவிட்டது. ஜகருவுக்கு ஆறவில்லை.

"கொன்னது சர்க்கார். அப்ப சர்க்கார் பூசாரியும் ஒருக்கா கூப்பிடணும்ல முன்ஷிஜி?" என்றான் என்னிடம்.

அந்த நேரம் பார்த்து ரேடியோவில் ஒரு விளம்பரப் பாட்டு ஓடியது. புதிய சாசனத்தில் உங்கள் ஒவ்வொருவரின் பேரும் இருக்கும், விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் குழைந்து பாடினாள். ஜகரு அதை அப்படியே எடுத்துக்கொண்டான். சாசனம் என்பது நாட்டில் உள்ள எல்லோர் பேரும் எழுதிய பெரிய புத்தகம், சர்க்கார் பூசாரி அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார். நான் திருத்தவில்லை. எட்டு மனு எழுதித் தோற்றவன் எந்த முகத்தோடு திருத்துவது?

சுற்றறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. விளிம்புநிலைப் பிரதிநிதிகள் பாரம்பரிய உடையிலும் பாரம்பரியக் கருவிகளோடும் வர வேண்டும், புகைப்படத்துக்கு. ஜகருவின் பாரம்பரிய உடை ஒரு கிழிந்த லுங்கி. கருவி, மகனுடைய கம்பி. நாலடி நீளம், நுனி தட்டையாக அடித்தது. அதைத் துலாரி கடுகெண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தாள்.

சமுதாயக் கூடத்தின் வாசலில் ஒரு போலீஸ்காரர் கம்பியைப் பார்த்ததும் கேள்வியே கேட்காமல் ஜகருவின் கழுத்தில் தடியால் ஒன்று போட்டார். விழுந்தவனின் முதுகில் பூட்ஸை வைத்தார். ஜகரு மண்ணில் கன்னம் அழுந்தக் கிடந்தபடியே, மடியிலிருந்து அழைப்புக் கடிதத்தை எடுத்து நீட்டினான்.

"இதுல கொண்டு வரச் சொல்லி போட்டிருக்குங்க ஹஜூர்."

ரணபட் வந்து கடிதத்தைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அரசாங்கம் கொண்டு வரச் சொன்னதை அரசாங்கம் பறிமுதல் செய்யலாமா என்பது பெரிய சிக்கல். ஆனால் அவர் அனுபவசாலி.

"மேடைக்குப் பக்கத்துல மேசை இருக்கு, அதுல வச்சு ஒரு அட்டை எழுதி வைங்க. மேசையில இருந்தா பண்பாடு. இவன் கையில இருந்தா ஆயுதம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க ஹஜூர்," என்றான் ஜகரு, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு. நான் "மண் அகழும் தொன்மைக் கருவி" என்று அட்டை எழுதி, கம்பிக்குப் பக்கத்தில் வைத்தேன். கம்பிக்குச் சாமந்தி மாலையும் போட்டார்கள்.

முதல் நாற்காலிக்காரன் பேக்கன், டோம். அவன் மேளம் அடிப்பவன். தலைவர் உள்ளே வரும்போது அடிக்க வேண்டும் என்று அவனை நாற்காலியிலிருந்து எழுப்பி வாசலில் நிறுத்தினார்கள். "நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது," என்றார் ரணபட். பேக்கன் சொன்ன பேச்சு தட்டாதவன். தலைவர் வந்தார், உட்கார்ந்தார், மாலை வாங்கினார், பேக்கன் அடித்துக்கொண்டே இருந்தான். யாருக்கும் நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை.

தலைவர் தீர்த்தராஜ் உபாத்யாய. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், விளிம்புநிலை மக்கள் உள்ளடக்கக் கருத்துக் கேட்பு உபகுழுவின் தலைவர். நல்ல கனமான உடம்பு, அதைவிடக் கனமான குரல். எங்கள் மைதிலி அவருக்குத் தெரியாது, அவருடைய சமஸ்கிருத நேபாளி எங்களுக்குப் புரியாது. மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடாகியிருந்தார், அவருக்கு இரண்டுமே சுமார்.

"இன்று நான் பேச வரவில்லை, கேட்க வந்திருக்கிறேன்," என்று ஆரம்பித்தார் தலைவர். ஒரு மணி ஐம்பது நிமிஷம் பேசினார். "முந்நூறு ஆண்டுகளாக இவர்களைப் பற்றி நாம் முடிவெடுத்தோம். இனி இவர்கள் முன்னிலையில் முடிவெடுப்போம். இது சாதாரண மாற்றமா? இவர்கள் வீட்டுத் தண்ணீரை என் பாட்டனார் தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை. ஆனால் நான் அதற்காக வெட்கப்படுகிறேன். வெட்கப்படுவதற்கு ஒரு பக்குவம் வேண்டும்." முன்வரிசை கைதட்டியது. "இந்தச் சாசனத்தில் உங்கள் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கும்!"

ஜகரு திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்தீரா என்பது போல ஒரு பார்வை. நான் படிவத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

நடுவில் தேநீர் வந்தது. முன்வரிசைக்குக் கண்ணாடி டம்ளர், எட்டு நாற்காலிக்குக் காகிதக் கோப்பை. சுகாதாரக் காரணம் என்று பரிமாறியவன் தானாகவே சொன்னான்.

பிறகு கருத்துக் கேட்பு. ஆளுக்கு நாற்பது விநாடி, மணி அடித்தால் உட்கார வேண்டும். பேக்கன் மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் அவனைத் தாண்டிப் போனார்கள். சமார் நாற்காலிக்காரர் பயத்தில் ஒரு கும்பிடு போட்டு உட்கார்ந்தார், அது ஆதரவு என்று பதிவானது. மூன்றாவது, ஜகரு.

மொழிபெயர்ப்பாளர் படிவத்திலிருந்த கேள்வியைப் படித்தார். "நாட்டுக்கு எந்த வகை ஆட்சிமுறை உகந்தது? நேரடியாகத் தேர்ந்தெடுத்த நிர்வாகத் தலைவரா, பாராளுமன்றம் தேர்ந்தெடுத்தவரா, அல்லது கலப்பு முறையா?"

"என் மவன் பேரு மங்கரா," என்றான் ஜகரு. "செவ்வாக்கிழமை பொறந்தான், அதான் மங்கரா. பத்தொம்பது வயசு. நெடுஞ்சாலையில போலீஸ் சுட்டுச்சு. அவன் பேரை இந்தப் புஸ்தகத்துல எழுதணும். வேற ஒண்ணும் கேக்கல."

மணி அடித்தது. இன்னும் பத்து விநாடி பாக்கி இருந்தது என்பதை நான் இங்கே பதிவு செய்கிறேன்.

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "உணர்ச்சி. இதைத்தான் நாங்கள் தேடி வந்தோம். ஆனால் தம்பி, சாசனத்தில் தனி மனிதர் பெயரெல்லாம் எழுத மாட்டார்கள்."

"இப்பத்தானே மாலிக் சொன்னீங்க?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரணபட் எழுந்தார். "ஐயா, ஒரு விளக்கம். இவர் சொல்ற மாதிரி ஒரு ஆளே எங்க பதிவுல கிடையாது. அன்னிக்குச் செத்தது அடையாளம் தெரியாத நபர். அப்படி ஒருத்தன் இருந்ததுக்கு எந்த ஆதாரமும் இல்லை."

நாலாவது, முசஹர் பெண் நாற்காலியிலிருந்து துலாரி எழுந்தாள். அவள் முறை வரவில்லை. அந்தக் கூடத்தில் முறை வராமல் பேசியவள் அவள் ஒருத்திதான்.

"இல்லாத ஆளா? அப்ப பத்து மாசம் என் வயித்துல என்னடா இருந்துச்சு, எலியா? இல்லாத ஆளுக்கு எதுக்குடா ரெண்டு குண்டு? ஒண்ணு போதாதா?"

மொழிபெயர்ப்பாளர் சற்று யோசித்துவிட்டு, "அம்மையார் சுகாதார வசதிகள் கேட்கிறார்," என்றார்.

பின்னால் நின்றவர்களுக்கு மைதிலி நன்றாகவே தெரியும். அவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். அதே நேரத்தில் வெளியே வேறொரு கூட்டம். வரைவை ஏற்க முடியாது என்று கோஷம் போட்டு, அதன் பிரதிகளைத் தெருவில் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் கல் விழுந்தது. ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை.

ரணபட் உத்தரவு போட்டார். "விளிம்புநிலை மக்களோட பாதுகாப்பு முக்கியம். கதவைச் சாத்துங்க!" சொல்லிவிட்டு வெளியே போனார். மூன்று வாசலில் இரண்டை வெளியிலிருந்து பூட்டினார்கள். தெருப்பக்கத்து வாசல் மட்டும் திறந்திருந்தது. உள்ளே நூற்றிருபது பேர் இருந்தோம்.

வெளியே கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு சுட்டது. முதல் குண்டு ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து தத்மா நாற்காலியின் காலடியில் சுழன்றது. அதை யாரும் உள்நோக்கம் என்று சொல்ல முடியாது. இரண்டாவதும் அதே ஜன்னல் வழியாக வந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது, தேநீர் கொண்டு வந்தவனின் முகத்தில் நேராக அடித்தது. அவன் தாடை தொங்கியபடி உட்கார்ந்துவிட்டான்.

மிளகாய்த் தூளைக் கண்ணில் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. எல்லோரும் திறந்திருந்த வாசலுக்கு ஓடினார்கள். வாசலுக்கு வெளியே இரண்டு பக்கமும் தடியோடு வரிசையாகப் போலீஸ். உள்ளிருந்து வருபவர்கள் கல்லெறிந்தவர்கள் என்று அவர்கள் நினைத்திருக்கலாம், அல்லது எதையுமே நினைக்காமல் இருந்திருக்கலாம். முதலில் வெளியே போனவன் பேக்கன். வாசலில் நின்றவன் அல்லவா? அவன் இன்னும் மேளம் அடித்துக்கொண்டிருந்தான், நிறுத்தச் சொல்லவில்லையே. முதல் அடி மேளத்தைக் கிழித்தது. இரண்டாவது மணிக்கட்டை முறித்தது. பிறகு தலையில் ஐந்தோ ஆறோ. ஒவ்வொன்றும் எங்களுக்கு உள்ளே கேட்டது. அடுத்தடுத்து ஓடியவர்கள் அவன்மேல் தடுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே அடி வாங்கினார்கள்.

நானும் ஓடினேன். என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தது ஜகரு.

"அந்தப் பக்கம் போகாதீங்க முன்ஷிஜி! தரையோட படுங்க, புகை மேலதான் போவும்."

"விடுய்யா, செத்துடுவோம்!"

"அங்க போனாத்தான் சாவீங்க. எங்க வேலையை எங்ககிட்டயே காட்டுறானுங்க பாருங்க. எலி வளையில நாங்க இப்பிடித்தான் செய்வோம். எல்லாப் பொந்தையும் அடைச்சு, ஒண்ணுல புகையை ஊதி, ஒண்ணை மட்டும் தொறந்து வச்சுட்டு, வெளிய தடியோட நிப்போம். தொறந்த வழியா வர்ற எலி ஒண்ணு தப்பாது."

"அப்ப எந்த எலிதான் தப்பும்?"

"மண்ணு மெலிசா இருக்கிற பக்கமாத் தோண்டுற எலி."

அவன் தவழ்ந்து போய் மேசையிலிருந்து கம்பியை எடுத்தான். மாலையோடுதான் எடுத்தான். பின்சுவரின் அடியில் உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போனான். நாலு பக்கமும் ஆள் இருமி இரத்தம் கக்கிக்கொண்டிருக்கும்போது அவன் சுவரைக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு மூலையில் நின்றான். அந்தக் கூடம் திறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. திறப்பு விழாக் கல்வெட்டில் பதினோரு பேரின் பெயர் இருந்தது, சிமெண்ட் மட்டும் எங்கும் இல்லை. கம்பியின் முதல் குத்திலேயே மணல் பொலபொலவென்று கொட்டியது. துலாரி கையால் செங்கல்லை உருவினாள். அவளுடைய நகங்கள் பெயர்ந்து வந்தன, அவள் நிறுத்தவில்லை.

ஐந்து நிமிஷத்தில் ஓர் ஆள் தவழும் அளவுக்கு வழி வந்தது. வெளியே வயல், நடவு முடியாத சேறு, காற்று. முதலில் முஸ்லிம் பெண் நாற்காலிக்காரியை அனுப்பலாம், மூச்சில்லாமல் கிடக்கிறாள் என்றாள் துலாரி. அப்போது மேடை மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நில்லுங்கள்! மக்கள் பிரதிநிதி முதலில்!"

தலைவர் தவழ்ந்து வந்தார். மாலையின் ஒரு பகுதி அவர் வாயில் இருந்தது, ஈரத்துக்குக் கடித்துக்கொண்டிருந்தாராம். ஓட்டைக்குள் தலையை விட்டார், தோளை விட்டார், இடுப்பில் மாட்டிக்கொண்டார். இருந்த ஒரே வழியையும் தலைவர் அடைத்துவிட்டார். பின்னால் எழுபது பேர் புகையில் மூச்சுத் திணறினோம். முஸ்லிம் பெண் நாற்காலிக்காரியின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"வயித்தை உள்ள இழுங்க மாலிக்!" என்று கத்தினான் ஜகரு.

"முடியவில்லையப்பா! சுவரை இடி!"

"இடிச்சா உங்க மேலதான் விழும். மூச்சை விடுங்க, மொத்தமா விடுங்க. ரெண்டு மணி நேரம் விட்டீங்கல்ல, இப்ப ஒருக்கா விடுங்க!"

சொல்லிவிட்டு, இரண்டு காலையும் தலைவரின் பின்பக்கத்தில் ஊன்றி ஒரு உதை உதைத்தான். வேட்டி இந்தப் பக்கம் தங்கியது, தலைவர் அந்தப் பக்கம் சேற்றில் விழுந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் வந்துவிட்டோம். அந்தப் பெண்ணை வரப்பில் கிடத்தி முதுகில் அறைந்தாள் துலாரி, மூச்சு வந்தது. எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது. கண்ணீர்ப்புகை என்று சொல்லி மறைத்துக்கொண்டேன்.

ஜகரு கடைசியாக வந்தான், கையில் கம்பி. கூடத்தைச் சுற்றிக்கொண்டு போலீஸ் வந்தபோது அவர்கள் கண்டது இதுதான்: அரசாங்கச் சுவரில் ஓட்டை, பக்கத்தில் ஆயுதத்தோடு ஒரு முசஹர். ஆறு பேர் சேர்ந்து அடித்தார்கள். முன்பல் நாலு போனது. விலா எலும்பு முறிந்த சத்தம் வரப்பில் நின்ற எனக்குக் கேட்டது. துலாரி குறுக்கே விழுந்தாள், அவளுக்கும் விழுந்தது. தலைவர் அதற்குள் ஜீப்பில் ஏறி, இடுப்பில் துண்டோடு, பாட்டில் தண்ணீரால் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து நான், "ஹஜூர், உங்களைக் காப்பாத்தினவன் அவன்!" என்று கத்தினேன்.

அவர் ஜீப்பின் கண்ணாடியை இறக்கி, ரணபட்டைக் கூப்பிட்டார். "மென்மையாகக் கைது செய்யுங்கள்," என்றார். "அவர் விளிம்புநிலை."

மூன்றாம் நாள் பேக்கன் செத்தான். அவனுக்கும் சான்றிதழ் கிடையாது. அடையாளம் தெரியாத நபர். உபகுழுவின் அறிக்கையில், "கலை நிகழ்ச்சிகள் இனிதே நிறைவுற்றன" என்று ஒரு வரி இருக்கிறது, அதுதான் அவன். எங்கள் மாவட்டத்தில் பெற்ற கருத்துகள் எட்டு, எட்டும் ஆதரவு. காட்மாண்டு வானொலியில் தலைவர் பேசியதையும் கேட்டேன். "அந்த எளிய மக்களின் ஆர்வத்தை என்னவென்று சொல்வேன்! சுவரையே உடைத்துக்கொண்டு பங்கேற்றார்கள்."

ஜகரு மேல் வழக்குப் போட வேண்டியிருந்தது. ஸ்டேஷன் எழுத்தருக்குக் கல்லடியில் கை போய்விட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். ரணபட் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பொதுச் சொத்தை இடித்தல், ஆயுதம் வைத்திருத்தல், மக்கள் பிரதிநிதியின் பின்புறத்தில் தாக்குதல். பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"நோக்கம் எழுதணும்யா. நோக்கம் இல்லாட்டி கேஸ் நிக்காது. எதுக்கு இவன் இப்பிடிப் பண்ணினான்? பகை. என்ன பகை? எழுது. 'இன்ன தேதியில் நெடுஞ்சாலையில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தன் மகன் மங்கரா ரிஷிதேவ், வயது பத்தொன்பது, இறந்துபோனதால் அரசாங்கத்தின்மேல் பகை கொண்டு...'"

என் பேனா நின்றுவிட்டது.

"என்னய்யா முழிக்கிற? எழுது."

எழுதினேன். பதினெட்டு வருஷத்தில் அவ்வளவு அழகாக நான் எழுதியதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஜகருவின் கட்டைவிரல் ரேகை பதிந்தது. படித்துக் காட்டச் சொன்னான், படித்தேன். அந்த வரியை மறுபடியும் படிக்கச் சொன்னான். வீங்கின வாயோடு சிரித்தான்.

இரண்டு வாரம் கழித்து மேலிடத்திலிருந்து ஓலை வந்தது. கோர்ட்டுக்குப் போய்விட்ட குற்றப்பத்திரிகையில் போலீஸ் ஒரு குடிமகனைச் சுட்டதாகப் போலீஸே ஒப்புக்கொண்டிருக்கிறது, எந்த மடையன் எழுதியது? ரணபட் வியர்த்துப் போய்ப் புதுப் பத்திரிகை ஒன்று தயார் செய்தார். பழையதை மாற்ற ஜகருவின் ரேகை வேண்டும். லாக்கப்புக்கு என்னையும் துலாரியையும் அழைத்துக்கொண்டு போனார். அன்றுதான் முதல்முறையாக ஜகருவை உட்காரச் சொன்னார்.

"ஜகரு, உனக்கு நல்ல காலம். ஆயுதம் இல்லை, தாக்குதல் இல்லை, தவறிப் போய்ச் சுவர் இடிஞ்சுதுன்னு எழுதியாச்சு. கைநாட்டு வை, இன்னிக்கே வீட்டுக்குப் போ. இல்லாட்டி மூணு வருஷம் உள்ள கெடப்ப."

"அந்த வரி இருக்குதுங்களா ஹஜூர்?"

"எந்த வரி?"

"என் மவன் வரி."

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். ஜகரு மனைவியைப் பார்த்தான். துலாரியின் விரல்களில் துணி சுற்றியிருந்தது. அவள் வீட்டில் தனி ஆள், நடவுக் கூலியும் போயிருந்தது.

"மூணு வருஷம்தானே," என்றாள். "நான் பாத்துக்கிறேன்."

ஜகரு கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடிக்கொண்டான். அன்றைக்கு அந்த விரலைப் பிரிக்கப் போலீஸ்காரர்கள் பாடுபட்டார்கள். ஒரு விரல் முறிந்தது. அது கட்டைவிரல் இல்லை.

சாசனம் வெளியான நாளன்று காட்மாண்டுவில் வாண வேடிக்கை. எங்கள் பக்கத்தில் ஊரடங்கு. அதற்கு அடுத்த வாரம் கோர்ட்டில் வழக்கு எடுத்தார்கள். ஜகருவை விலங்கோடு நிறுத்தினார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட கோர்ட் எழுத்தர் எழுந்து நின்று, உரத்த குரலில், இராகம் போட்டுப் பழைய குற்றப்பத்திரிகையைப் படித்தார். "...தன் மகன் மங்கரா ரிஷிதேவ், வயது பத்தொன்பது..."

துலாரி எழுந்து முன்னால் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி அவலும் ஒரு துண்டு வெல்லமும் எடுத்து, கோர்ட் தரையில் வைத்தாள். இரண்டு போலீஸ்காரர்கள் அவளைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்கள். அவள் திமிறவில்லை, அவலை மிதித்துவிடாமல் மட்டும் காலைத் தூக்கிக்கொண்டாள்.

"குற்றத்தை ஒத்துக்கறியா?" என்று கேட்டார் நீதிபதி.

"சரியா காதுல விழலைங்க ஹஜூர்," என்றான் ஜகரு. "இன்னொருக்கா படிக்கச் சொல்லுங்க."

குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அந்த உரிமை புதிய சாசனத்தில் இருந்தது. நீதிபதி தலையசைத்தார். எழுத்தர் கனைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி படித்தார், பேர் வந்த இடத்தில் ஜகரு கண்ணை மூடிக்கொண்டான்.

"இப்ப ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கிறேனுங்க," என்றான். மூன்று வருஷம் போட்டார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போனபோது அவல் தரையிலேயே கிடந்தது, பெருக்க வந்தவனை நான்தான் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னேன்.